மின்னுருகியின் காவல்

மகிழுந்தின் 12 வோல்ட் மின்கலம் வலுவிழந்தால், வேறொரு வண்டியின் மின்கலத்தோடு கம்பிவடங்களால் இணைத்து இயந்திரத்தை இயக்குவர். அப்போது நேர்முனையை நேர்முனையோடுதான் இணைத்தல் வேண்டும். முனைகளை மாற்றி இணைத்தால் பெருமின்னோட்டம் பாயும், தீப்பொறி பறக்கும், மின்கலத்திலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கவும் கூடும்.

அவ்வேளையில் வண்டியைக் காப்பது மின்னுருகி. மின்னோட்டம் அளவை மீறியதும் அதனுள் இருக்கும் மெல்லிய இழை உருகி அறுந்து, மின்சுற்றைத் துண்டிக்கிறது. அதற்குள் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கருகிவிடுவதும் உண்டு.

பழுது நீக்குவோர் எளியதிலிருந்து தொடங்குவர். மின்கல இணைப்பைக் கழற்றி, முதன்மை மின்னுருகியைச் சோதிப்பர். அது அறுந்திருந்தால், அதே ஆம்பியர் அளவுடைய புதியதைப் பொருத்துவர். பின்பு இயந்திரத்தை இயக்கி, மின்கல முனைகளில் மின்னழுத்தத்தை அளப்பர். ஏறத்தாழ 14 வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் செயல்படுகிறது எனலாம். 13 வோல்ட்டையும் எட்டாவிடில் அதனைக் கழற்றிச் சோதிப்பர்.

சிலர் அறுந்த மின்னுருகிக்கு மாற்றாகத் தடித்த கம்பியைச் செருகிவிடுவர். வண்டி ஓடும். ஆனால், மீண்டும் பிழை நேரும்போது அக்கம்பி அறுபடாது. வண்டியின் மின்கம்பிகள் சூடேறித் தீப்பற்றும்.

பயிற்சி

அ) விடையளிக்க.
1. முனைகளை மாற்றி இணைப்பதால் நேரும் தீங்குகள் யாவை?
2. ஆல்டர்னேட்டரின் நிலையை எவ்வாறு அறிவர்?
3. மின்னுருகிக்கு மாற்றாகத் தடித்த கம்பியைச் செருகுதல் ஏன் தவறு?

ஆ) பிரித்து எழுதுக.
மின்னோட்டம், மின்னழுத்தம், அவ்வேளை

இ) வாக்கியத்தில் அமைக்க.
துண்டித்தல், வலுவிழத்தல்