வலிப்பு காணும் குழந்தைகளும் மூளைப் படமும்

மைசூரு வட்டாரத்தில், வெந்நீரைத் தலையில் ஊற்றிக் குளிக்கும்பொழுது சில குழந்தைகளுக்கு வலிப்பு காண்பதுண்டு. 1945-ல் நியூஸிலாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இவ்வகை வலிப்பைத் தென்னிந்தியாவில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய குழுவினரும் 1960-களிலேயே ஆராய்ந்தனர். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டினால் இது குறையும். சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கும்.

இக்குழந்தைகளின் மூளையைப் படமெடுத்தால் பெரும்பாலும் குறை ஏதும் தென்படுவதில்லை. அதைக் கொண்டு நோயில்லை என முடிவு செய்து மருந்தை நிறுத்துவது ஆபத்தாகும். ஏனெனில், படம் மூளையின் அமைப்பை மட்டுமே காட்டுகிறது. வலிப்போ மூளையின் மின் இயக்கத்தில் நேரும் கோளாறு. அவ்வியக்கத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. கருவியும், வலிப்பு இல்லாத வேளையில் மாறுதல் எதையும் காட்டாதிருக்கலாம். ஆகவே, வலிப்பை நேரில் கண்டவர் கூறும் விவரமே மருத்துவருக்கு முதல் ஆதாரமாகும்.

இதனால் படம் பயனற்றது என்று கொள்ளலாகாது. வலிப்பு உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கினாலும், கை கால் பலவீனமுற்றாலும், கற்ற திறன்கள் குன்றினாலும் காரணத்தைப் படத்தின் மூலம் தேடுதல் வேண்டும். முன்னர், வலிப்பு நோயாளிகளின் சி.டி. படத்தில் காணப்பட்ட சிறு கட்டிகளைக் காசநோயின் விளைவெனக் கருதி, நெடுநாள் மருந்து கொடுத்து வந்தனர். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1980-களின் இறுதியில் அத்தகைய கட்டிகளை எடுத்துச் சோதித்து, அவற்றுட் பல நாடாப்புழுவின் இளம்பருவத்தால் விளைந்தவை எனக் கண்டனர். இவை பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடும்.

சி.டி. படம் சில நிமிடங்களில் முடியும். ஆனால் அதில் எக்ஸ்-கதிர் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் அக்கதிர் இல்லை. நுண்ணிய தழும்பையும் அது காட்டும். எனினும் குழந்தை நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டுமாதலால், சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். எது ஏற்றது என்பதை மருத்துவரே தீர்மானிப்பார்.

வகுப்பில் வலிப்பு கண்டால் ஆசிரியர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தல் வேண்டும். கையில் இரும்பைத் திணிப்பதும், வாயில் எதையேனும் வைப்பதும் கூடா. எந்த உறுப்பில் தொடங்கியது, கண்கள் எப்பக்கம் திரும்பின, எத்தனை நிமிடம் நீடித்தது, முன்னதாகக் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளல் நன்று. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். கிராமங்களுக்குச் செல்லும் ஊழியர், படம் சரியாக இருப்பினும் மருத்துவர் கூறும்வரை மருந்தை நிறுத்தலாகாது என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் அவசியம்.