கடைமடைக் கிணறு கரிப்பது ஏன்?

காவிரியின் கடைமடையான வேதாரண்யம், தலைஞாயிறு, கீழையூர் வட்டாரங்களில், "முன்பு நன்றாக இருந்த போர் தண்ணீர் இப்போது கரிக்கிறது" என்று விவசாயிகள் கூறுகின்றனர். கடல் அருகில் இருக்கிறது, வேறென்ன செய்வது என்று விட்டுவிடுவது சரியன்று. கடல் எப்போதும் அங்கேதான் இருந்தது.

உப்பு நீர் கனமானது. மணற்பாங்கான நிலத்தில் நல்ல நீர் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் நல்ல நீர் 1 அடி நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீரே இருக்கும். அந்த 1 அடி குறைந்தால், உப்பு நீர் நாளடைவில் 40 அடி மேலேறும். வேதாரண்யம் மணல் பகுதியில் மேலாகத் தோண்டிய குட்டைகளில் நல்ல நீர் கிடைப்பதும், அருகிலேயே ஆழமாக இறக்கிய குழாயில் உப்பு நீர் வருவதும் இதனால்தான். தண்ணீர் கெட்டதும் இன்னும் ஆழமாகப் போர் இறக்குவது இத்தகைய இடத்தில் பணத்தைக் கடலில் போடுவதாகும்.

நிலத்தின் தாழ்வும், முகத்துவாரம் வழியே ஏறும் ஓதமும், பழங்காலத்தில் கடல் விட்டுச்சென்ற படிவுகளும் இயற்கையின் பங்கு. ஆற்று மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்துவதும், மேட்டூர் நீர் தாமதமாகும் ஆண்டுகளில் குறுவைக்காக இரவு பகலாக இறைப்பதும், கதவு பழுதான கடைமடை ஒழுங்கிகளும், வயலை ஒட்டி உப்பு நீர் தேக்கும் இறால் பண்ணைகளும் நம்முடைய பங்கு.

நாக்கால் சுவைத்து முடிவு செய்யாதீர்கள். ஆய்வறிக்கையில் மின் கடத்தும் திறனைப் பாருங்கள். கடல் நீரில் இது சுமார் 50 டெசிசைமன். பாசன நீரில் 2 வரை இருந்தால், வடிகால் உள்ள வயலில் நெல் விளைச்சல் குறையாது. 3.4 ஆனால் கால் பங்கும், 4.8 ஆனால் பாதியும் குறைய இடமுண்டு. இளம் நாற்றும் பூக்கும் பயிரும் உப்பை அதிகம் தாங்கா. ஆகவே, இருக்கும் நல்ல நீரை நாற்றங்காலுக்கும் பூக்கும் பருவத்திற்கும் ஒதுக்குங்கள். சற்று முதிர்ந்த நாற்றாக, குத்துக்குக் கூடுதலாக நடுவது நல்லது.

உப்பு என்றதும் ஜிப்சம் வாங்க ஓடுகிறவர்கள் பலர். ஜிப்சம் களர் நிலத்திற்கு, அதாவது சோடியம் மிகுந்து கார அமில நிலை 8.5-க்கு மேல் போன நிலத்திற்கு உரிய மருந்து. வெறும் உவர் நிலத்திற்கு அது வீண் செலவு. அங்கே வேண்டியது நல்ல நீரும் வடிகாலும். 2004 டிசம்பர் 26-இல் கடல் புகுந்த நாகை வயல்களில், வடிகால் இருந்த இடங்களில் அடுத்து வந்த மழையே உப்பைப் பெருமளவு கழுவிச் சென்றது. உவரா களரா என்பதை மண் ஆய்வு சொல்லிவிடும்.

நீர் மாதிரியை ஆண்டுக்கு இருமுறை, மழை முடிந்த ஜனவரியிலும் கோடையில் மே மாதத்திலும் எடுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, காற்று நில்லாமல் முழுவதும் நிரப்பி மூடுங்கள். கிணற்றின் ஆழம், எடுத்த தேதி, செய்யவிருக்கும் பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, மண் மற்றும் நீர் பரிசோதனை நிலையத்தில் தாமதமின்றிச் சேர்த்துவிடுங்கள்.