இயங்குதள ஆய்வும் எழுத்தின் வாழ்வும்

கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் செயற்படும் மென்பொருள்களையும் ஒருங்கே ஆளும் அடிப்படை நிரலையே இயங்குதளம் என்கிறோம். விற்பனைக்கென உருவாவது ஒருவகை. புதிய கருத்துகளைச் சோதித்தறிவதற்கென்றே உருவாவது மற்றொரு வகை. பின்னதை ஆய்வு இயங்குதளம் எனலாம். பலரும் வாங்காத ஒன்றால் விளையும் பயன் யாது என்னும் வினா எழுவது இயல்பே. அதற்குப் 'பிளான் 9' இயங்குதளத்தின் வரலாறு தக்க விடை தருகிறது.

யூனிக்ஸ் பிறந்த அமெரிக்கப் பெல் ஆய்வகத்திலேயே, கென் தாம்சன், ராப் பைக் முதலியோர் 1980களின் பிற்பகுதியில் இதனை உருவாக்கத் தொடங்கினர். 1992இல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்ட இத்தளம், யூனிக்ஸின் இடத்தைப் பிடிக்கவில்லை.

அக்காலத்தில், உலக எழுத்துகள் அனைத்திற்கும் எண் வழங்கும் யூனிகோடு தோன்றியிருந்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. ஆயினும் எழுத்துக்கு எண் தருவது வேறு. அவ்வெண்ணைக் கோப்பில் சேமிக்கும் முறை வேறு. எல்லா எழுத்துகளுக்கும் இரண்டு பைட்டுகள் என வகுத்தால், எழுத்துக்கு ஒரு பைட்டே எனக் கொண்ட பழைய மென்பொருள்கள் தடுமாறும்.

1992 செப்டம்பரில் தாம்சனும் பைக்கும் நியூ ஜெர்சி உணவகமொன்றில் அமர்ந்து வழி கண்டனர். அதுவே யுடிஎஃப்-8. அதில் ஆங்கில எழுத்து முன்போல் ஒரு பைட்டிலேயே நிற்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பெறும். இரண்டும் ஒரே கோப்பில் இணங்கி வாழும்.

சில நாள்களிலேயே பிளான் 9 இம்முறைக்கு மாற்றப்பட்டது. ஆய்வுத்தளத்தின் மதிப்பு இங்கேதான் புலனாகிறது. வாடிக்கையாளரின் பழைய கோப்புகளைக் காக்கக் கடமைப்பட்ட வணிக நிறுவனம் இவ்வளவு விரைவில் துணிதல் அரிது. அதேவேளையில், பிளான் 9 வெறும் காட்சிப்பொருளும் அன்று. அதனைப் படைத்தோர் தம் அன்றாடப் பணிகளை அதிலேயே செய்தனர். ஆதலின், அங்கு வென்ற கருத்து நடைமுறையிலும் வெல்லும் என்னும் நம்பிக்கை பிறந்தது.

பயன் இம்முறையோடு நின்றுவிடவுமில்லை. பிளான் 9இன் கோப்புப் பகிர்வு நெறியே, விண்டோசிலிருந்து லினக்ஸ் கோப்புகளை அணுகுவதற்கு 2019 முதல் பயன்படுகிறது.

ஓர் எழுத்துருவில் தட்டிய தமிழ் மடல் மற்றொரு கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிய காலத்தை நாம் அறிவோம். இன்று இணையப் பக்கங்களுள் மிகப்பெரும்பான்மையானவை யுடிஎஃப்-8 முறையிலேயே அமைந்துள்ளன. தமிழும் அவற்றில் தடையின்றி உலவுகிறது.

தம் ஆய்வால் என்ன பயன் என்று வினவப்படும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். விற்ற படிகளின் எண்ணிக்கை ஓர் ஆய்வின் அளவுகோல் ஆகாது. அதிலிருந்து பிறர் எடுத்தாண்டவற்றையும் சேர்த்தே அதனை மதிப்பிடல் வேண்டும்.