நல்ல கண்ணை மூடச் சொன்னார் டாக்டர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போய்விட்டு வீடு திரும்ப பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். என் ஐந்து வயது மகளின் வலது கண்ணில் தூசி விழுந்துவிட்டது. புடவைத் தலைப்பை ஊதிச் சூடாக்கி அந்தக் கண்ணில் ஒற்றிக்கொண்டே, "அதோ பஸ் வருது பார், நம்பர் என்ன சொல்லு" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"நம்பரே தெரியலைம்மா" என்றாள். தலைப்பை எடுத்ததும் டக்கென்று படித்துவிட்டாள்.

எனக்குத் திக்கென்றது. இடது கண்ணை மூடினால் படிக்கிறாள். வலது கண்ணை மூடினால் அழுகிறாள். பார்வைக்கு இரண்டு கண்களும் நேராகத்தான் இருந்தன. கண்ணாடிக் கடையில் காட்டினோம். "நன்றாகத்தானே படிக்கிறாள், வளர வளரச் சரியாகிவிடும்" என்றார்கள். அதை நம்பி நான்கு மாதம் சும்மா இருந்தேன். அந்த நான்கு மாதங்களை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

பிறகு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்துச் சோதித்தார்கள். வலது கண்ணுக்குப் பவர் ப்ளஸ் 1, இடதுக்கு ப்ளஸ் 5. கண்ணாடி போட்டுப் பார்த்தும் இடது கண்ணில் 6/36 தான். இதற்கு ஆம்ப்ளியோப்பியா என்று பெயர். சோம்பேறிக் கண் என்பார்கள். பாவம், கண் ஒன்றும் சோம்பேறி இல்லை. கண் படம் பிடித்து அனுப்புகிறது, பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை. ஒரு கண்ணிலிருந்து மங்கலான படமே வந்துகொண்டிருந்தால், மூளை அதை ஒதுக்கிவிட்டுத் தெளிவான கண்ணையே நம்பத் தொடங்கிவிடுகிறது. ஹூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில காலம் மூடிவைத்துத் திறந்தபோது, மூளையின் செல்கள் அந்தக் கண்ணை அநேகமாக மறந்தே போயிருந்தன. வளர்ந்த பூனைக்கு அப்படி ஆகவில்லை. இவர்களுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாறுகண், பிறவிக் கண்புரை, தொங்கும் இமை ஆகியவற்றாலும் இது வரலாம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

முதல் நான்கு மாதம் கண்ணாடி மட்டும்தான். சில குழந்தைகளுக்கு அதுவே போதுமாம். இவளுக்கு 6/24 வரை வந்து நின்றுவிட்டது. அப்புறம் தினம் 2 மணி நேரம் நல்ல கண்ணில் பேட்ச் ஒட்டச் சொன்னார் டாக்டர். மிதமான குறைக்கு 2 மணி நேரம் ஒட்டுவது 6 மணி நேரம் ஒட்டுவதற்குச் சமமான பலன் தருவதாக 2003-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து மாமியார் போனில், "ஏம்மா, நல்ல கண்ணைப் போய் மூடச் சொல்றாரே, அவர் என்ன டாக்டர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நல்ல கண் ஓய்வெடுத்தால்தான் மற்றதுக்கு வேலை வரும் என்று விளக்கினேன்.

முதல் வாரம் வீடு ரணகளம். கண்ணாடிமேல் துணி மாட்டினால் ஓரமாக எட்டிப் பார்த்துவிடுகிறாள். தோலில் ஒட்டும் பேட்ச்தான் சரிப்பட்டது. பள்ளியில் கேலி செய்வார்கள் என்று மாலையில் வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் கிட்ட வைத்துச் செய்கிற வேலை கொடுக்கச் சொன்னார்கள். கோலப்புள்ளி சேர்ப்பது, பாசிமணி கோர்ப்பது, பிறகு தமிழ் எழுத்து. இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்று தள்ளிப்போட்ட தமிழ், இந்தப் பேட்ச் புண்ணியத்தில் வந்துவிட்டது!

பேட்ச் ஒட்டவே விடாத குழந்தைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு மங்கலாக்கும் முறையும் உண்டு. டாக்டர் சொல்லாமல் விடக்கூடாது. ஏழு வயதுக்குள் கவனித்தால் பலன் அதிகம். தாண்டிவிட்டாலும் முயற்சி செய்யலாம், ஆனால் மெதுவாகத்தான் முன்னேறும்.

எட்டு மாதத்தில் 6/9 வந்திருக்கிறது. பேட்சை நிறுத்தினால் சிலருக்குப் பார்வை மறுபடி பின்வாங்குமாம், அதனால் சோதனைக்குப் போய்க்கொண்டே இருக்கிறோம். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கக்கூடும் என்றார் டாக்டர். சின்னவனுக்கு மூன்று வயது, ஒரு புகாரும் இல்லை. அவனையும் அடுத்த புதன்கிழமை கூட்டிப் போகிறேன்.