கிழங்கிலிருந்து வந்தாலும் ஹார்மோன் ஹார்மோன்தான்

“டாக்டர் எழுதித் தரும் ஹார்மோன் மாத்திரை செயற்கை, அதனால் புற்றுநோய் வரும். பயோ ஐடென்டிகல் ஹார்மோன் இயற்கை, கிழங்கிலிருந்து எடுப்பது, அதனால் பக்கவிளைவே கிடையாது.”

மருந்தியல் பாடம் நடத்துகிறவள் என்பதால் இந்தப் பேச்சு எப்படியாவது என்னிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. வாட்ஸ்அப் ஃபார்வர்டாக வருகிறது. வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ யூடியூபில் சொன்னதாக வருகிறது. அமெரிக்காவிலிருந்து மகள் வாங்கி அனுப்பிய க்ரீம் டப்பாவோடு வருகிறது. நன்றாகப் படித்த பெண்களே நம்புகிறார்கள். பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி பட்டென்று சொல்லிவிடுகிறேன்: இது பொய். நம் உடம்பை முதலாக வைத்து நடக்கும் வியாபாரத்தின் பொய்.

அடிப்படை இதுதான். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சினைப்பையில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் தாறுமாறாகச் சுரந்து, பிறகு குறைந்துவிடுகின்றன. திடீரென்று முகமும் கழுத்தும் திகுதிகுவென்று எரிவது, நடு ராத்திரியில் நைட்டி நனையும்படி வியர்ப்பது, தூக்கம் போவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருவது எல்லாம் அதனால்தான். இந்த வெப்ப அலை அடிக்கடி வந்த பெண்களை அமெரிக்காவின் ‘ஸ்வான்’ ஆய்வு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் பாதிப்பேருக்குத் தொல்லை 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. “எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே, பொறுத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை இது. குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுத்தால் வெப்ப அலைகள் முக்கால்வாசி குறைகின்றன. அப்படிக் கொடுக்கும் ஹார்மோன், நம் சினைப்பை சுரப்பதன் அதே மூலக்கூறாக இருந்தால் அதைப் பயோ ஐடென்டிகல் என்கிறார்கள். எஸ்ட்ரடையால் அப்படிப்பட்டது, நுண்துகளாக்கிய புரோஜெஸ்டிரோனும் அப்படித்தான். இரண்டும் நல்ல மருந்துகள். என் சண்டை மருந்தோடு அல்ல, அதைச் சுற்றிக் கட்டிய கதையோடு.

நம்பிக்கை 1: பயோ ஐடென்டிகல் என்றால் இயற்கை, ஆகவே ஆபத்தில்லை.

முதலில் அந்தக் கிழங்கைப் பார்ப்போம். நம் பெருவள்ளிக் கிழங்குக்கு உறவான மெக்சிகோ காட்டுக்கொடியின் கிழங்கில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் செய்யலாம் என்று 1940களில் காட்டியவர் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர். செய்முறையைக் கேளுங்கள். டயோஸ்ஜெனினை அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு சேர்த்து 200 டிகிரி சூட்டில் வேகவைக்க வேண்டும். குரோமியம் ட்ரையாக்சைடால் ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். பல்லேடியம் உலோகத்தை வைத்து ஹைட்ரஜன் ஏற்ற வேண்டும். அதற்கும் மேல் ஓரிரண்டு படிகள் தாண்டினால்தான் புரோஜெஸ்டிரோன் கிடைக்கும். இதற்கென்றே மெக்சிகோவில் 1944-ல் சின்டெக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று சோயாவிலிருந்தும் செய்கிறார்கள். அதுவும் ஆலை வேலைதான். மனித உடம்பில் டயோஸ்ஜெனினை ஹார்மோனாக மாற்றும் என்சைம் கிடையாது. கிழங்கை அவித்துத் தின்றாலும், அரைத்துப் பூசினாலும் புரோஜெஸ்டிரோன் ஒரு துளி கூடக் கிடைக்காது.

சரி, ஆலையில் செய்தாலும் நம் உடம்பில் இருப்பதன் அச்சு அசல்தானே, அது எப்படிக் கெடுதல் செய்யும் என்று அடுத்த கேள்வி வரும். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. அச்சு அசலாக இருந்தால் வேலையும் அச்சு அசலாகத்தானே இருக்கும்? நல்லதை மட்டும் செய், கெட்டதை விட்டுவிடு என்று ஒரு மூலக்கூறுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் விளைந்த உப்பு என்பதற்காக அது ரத்த அழுத்தத்தை ஏற்றாமல் விடுகிறதா?

நம் உடம்பே சுரக்கும் ஈஸ்ட்ரோஜனின் கதையைப் பாருங்கள். 1896-ல் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் சினைப்பையை அகற்றியபோது கட்டி சுருங்கியதைப் பதிவு செய்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அந்தக் கட்டிகளுக்குத் தீனி போட்டது எந்தக் கம்பெனியின் மாத்திரை? சினைப்பை சுரந்த, நூற்றுக்கு நூறு இயற்கையான ஹார்மோன். இன்னொன்று: மாதவிடாய் ஒவ்வோர் ஆண்டு தள்ளி நிற்கும்போதும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 3 சதவீதம் கூடுகிறது. ஒரு மாத்திரையும் விழுங்காத பெண்களிலும் இதே கணக்குதான். இதற்கு மேலும் ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லை நம்பி ஏமாறுவது நியாயமா?

ரத்தக்கட்டு விஷயமும் இதையே காட்டுகிறது. பிரான்சின் ‘எஸ்தர்’ ஆய்வில், ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கிய பெண்களுக்கு ரத்தக்குழாயில் கட்டி அடைக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு வரை கூடியது. தோல் வழியாகப் பட்டையாகவோ ஜெல்லாகவோ எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. அங்கே இரு தரப்பினரும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது எஸ்ட்ரடையால்தான். விழுங்கிய மருந்து முதலில் கல்லீரலுக்குப் போய், ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைக் கிளப்பிவிடுகிறது. தோல் வழியாகப் போனது அந்த வழியில் போகவில்லை. ஆபத்தைத் தீர்மானித்தது எந்த வழியாகப் போகிறது என்பது.

‘பக்கவிளைவே இல்லை’ என்பதற்கு இன்னொரு பதில், உங்களில் பலர் ஏற்கெனவே கையில் எடுத்துப் பார்த்ததுதான். கரு தங்கட்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த, படுக்கும் முன் வைத்துக்கொள்ளச் சொன்ன வழுவழுப்பான கேப்ஸ்யூல் நினைவிருக்கிறதா? அது நுண்துகளாக்கிய புரோஜெஸ்டிரோன், அசல் பயோ ஐடென்டிகல். அதையே வாயில் போட்டு விழுங்கினால் தூக்கம் சொக்கும், சிலருக்குத் தலை சுற்றும். அதனால்தான் ராத்திரியில் போடச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் விற்கும் ஒரு வகைக்குள் கடலை எண்ணெய் இருக்கிறது. கடலை ஒவ்வாதவர்கள் தொடக்கூடாது என்று அதன் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இந்த மருந்துக்காகத்தான் ‘வெல்னஸ்’ கடைகள் ஆயிரக்கணக்கில் கறக்கின்றன. அதே மூலக்கூறு உங்கள் தெரு மருந்துக்கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது.

இந்தப் பொய்க்குள் அரை உண்மை ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சில் சுமார் 80,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ‘ஈ3என்’ ஆய்வில், ஈஸ்ட்ரோஜனோடு நுண்துகள் புரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு, புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் செயற்கைப் புரோஜெஸ்டின் எடுத்தவர்களைவிட மார்பகப் புற்றுநோய் குறைவாகவே இருந்தது. இது நல்ல செய்தி. ஆனால் அதே பெண்களை இன்னும் பல ஆண்டுகள் கவனித்தபோது, ஐந்து ஆண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் வாய்ப்பு சற்றுக் கூடியிருந்தது. குறைந்த ஆபத்து வேறு, ஆபத்தே இல்லை என்பது வேறு. முக்கியமாக, அந்தப் பெண்கள் எடுத்தது அளவும் தரமும் சோதித்த மருந்து. டப்பாவில் கலந்து விற்கும் க்ரீம் அல்ல.

அந்தக் க்ரீமுக்கு வருவோம். அமெரிக்காவில் ‘காம்பவுண்டிங்’ மருந்துக்கடைகள் உண்டு. உங்களுக்கென்றே தனியாகக் கலந்து தருகிறோம் என்று எஸ்ட்ரடையால், எஸ்ட்ரியால், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாவற்றையும் க்ரீமாகவும், தோலுக்கடியில் வைக்கும் குளிகையாகவும் தருகின்றன. மருந்துகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. அமைப்பு 2001-ல் இத்தகைய கடைகள் கலந்த பல வகை மருந்துகளில் 29 மாதிரிகளைச் சோதித்தது. 10 தேறவில்லை. அவற்றில் 9-ல் மருந்தின் அளவு சொன்னதைவிடக் குறைவு. 2008-ல் இப்படி ஹார்மோன் விற்ற ஏழு கடைகளுக்கு அதே அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2020-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகள் இதையெல்லாம் அலசி, பாதுகாப்புக்கும் பலனுக்கும் போதிய சான்று இல்லை, இவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தன.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒன்று. கம்பெனி மருந்தின் பெட்டிக்குள் பக்கவிளைவுகளைப் பட்டியலிடும் தாள் ஒன்று மடித்து இருக்கும். காம்பவுண்டிங் மருந்துக்கு அந்தத் தாள் கட்டாயமில்லை. வாங்கிய பெண் பிரித்துப் பார்க்கிறாள். எச்சரிக்கை எதுவும் இல்லை. அதனால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறாள். ஊர் ஊராகப் பரவும் அந்த நம்பிக்கை, இல்லாத ஒரு தாளிலிருந்துதான் பிறக்கிறது.

நம்பிக்கை 2: எச்சிலைச் சோதித்து அளவை அப்படியே பொருத்தலாம்.

முடியாது. எச்சிலில் ஹார்மோன் அளவு ஒரே நாளிலேயே ஏறி இறங்கும். 45 வயது தாண்டிய பெண்ணுக்கு, மெனோபாஸ் என்று சொல்லவே பொதுவாகச் சோதனை வேண்டாம். அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். மருந்தின் அளவும் தொல்லை எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துத்தான். எச்சில் டெஸ்டுக்குக் கொடுக்கும் பணம் தண்டம்.

நம்பிக்கை 3: புரோஜெஸ்டிரோன் க்ரீம் தடவினால் கர்ப்பப்பைக்குப் போதும்.

இது உயிரோடு விளையாடுவது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கர்ப்பப்பை உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம் என்பது 1975-லேயே வெளியாகிவிட்டது. ‘பெப்பி’ ஆய்வில் மூன்றே ஆண்டில், தனி ஈஸ்ட்ரோஜன் எடுத்த பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உட்சுவரில் கவலைக்குரிய மாற்றம் வந்தது. அதைத் தடுத்தது சரியான அளவில் விழுங்கிய புரோஜெஸ்டிரோன். தோலில் தடவும் க்ரீம் அந்த வேலையைச் செய்யும் என்று நம்ப முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

நம்பிக்கை 4: எந்த ஹார்மோன் சிகிச்சையும் புற்றுநோய்தான்.

இந்தப் பயத்துக்கு வேர் 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்காவின் ‘டபிள்யூ.எச்.ஐ.’ ஆய்வு. அதில் கொடுத்தது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் ஒரு செயற்கைப் புரோஜெஸ்டினும். பெண்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 30-லிருந்து 38 ஆனது. கர்ப்பப்பை எடுத்துவிட்ட, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களுக்கு அது கூடவே இல்லை. அறுபது வயதுக்குட்பட்ட, மாதவிடாய் நின்று பத்து ஆண்டு ஆகாத, வேறு தடை இல்லாத பெண்களுக்கு நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய நிலை. 2025 நவம்பரில் எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளின் கட்டம் போட்ட எச்சரிக்கைகளில் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. தனி ஈஸ்ட்ரோஜனுக்கான கர்ப்பப்பைப் புற்றுநோய் எச்சரிக்கையை மட்டும் விட்டுவைத்தது.

நம்பிக்கை 5: ஹார்மோன் எடுத்தால் உடம்பு பெருத்துவிடும்.

அந்த வயதில் எடுக்காதவர்களும்தான் பெருக்கிறார்கள். நடங்கள்.

நம்பிக்கை 6: கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தாயிற்று, இனி எனக்கு ஹார்மோன் எதற்கு?

உங்களுக்குத்தான் முதலில் தேவை. நாற்பது வயதுக்கு முன்பே இரண்டு சினைப்பையும் போனால் எலும்பும் இதயமும் அடி வாங்கும். தடை எதுவும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் எடுக்கச் சொல்வதுதான் முறை. மருத்துவர் பேச்செடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு கண்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்கள் தாமாக எதையும் தொடக்கூடாது. பயோ ஐடென்டிகலுக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, நான் வகுப்பிலும் வெளியிலும் விடாமல் கேட்டுவரும் ஒன்று. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பக்கவிளைவுத் தாளைத் தமிழில் தாருங்கள். பத்து மாத்திரை அட்டையில் நாலை வெட்டிக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள்; தாள் கடையிலேயே நின்றுவிடுகிறது. முழுப் பெட்டி வாங்கினாலும் எறும்பு எழுத்தில் ஆங்கிலம். தாளைப் படிக்க வழியில்லாத இடத்தை வாட்ஸ்அப் நிரப்பாமல் என்ன செய்யும்? பெண்கள் நீண்ட நாள் எடுக்க வேண்டிய ஒவ்வொரு மருந்துக்கும் தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் ஒரு தாள் வேண்டும் என்று அரசு சட்டம் போட வேண்டும். அதுவரை நீங்களே கேளுங்கள்: இந்த மருந்தின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், மாத்திரையா ஜெல்லா, எத்தனை மாதம், என்ன வந்தால் நிறுத்த வேண்டும். பதிலைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஐந்துக்கும் பதில் சொல்லத் தெரியாதவர் கொடுப்பது இயற்கையாக இருந்தாலும் சரி, செயற்கையாக இருந்தாலும் சரி, வாங்காதீர்கள்.