வீட்டில் ஒரு சைக்கிள் வீரர்: சாம்பியன்ஷிப்புக்கு முன் 14 குறிப்புகள்

உங்கள் மகனோ மகளோ ரோடு சைக்கிள் சாம்பியன்ஷிப்புக்குத் தயாராகிறார்களா? காலையில் அவர்கள் மிதிப்பது இரண்டு, மூன்று மணி நேரம். அந்த உழைப்பு பலமாக உடம்பில் சேர்வது அதன்பிறகு, வீட்டில்தான். பயிற்சித் திட்டத்தைக் கோச் பார்த்துக்கொள்வார். சாப்பாடு, தூக்கம், துணிமணி, சைக்கிள் பராமரிப்பு ஆகியவற்றில் குடும்பம் தாராளமாகக் கைகொடுக்கலாம்.

1. கடும் பயிற்சி நாட்களைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். வாரத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம். ஒரு நாள் முழு ஓய்வு. சிவப்பு நாளுக்கு முந்தின இரவு விருந்து, வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

2. காலையில் எழுந்ததும், படுக்கையில் இருந்தபடியே நாடித்துடிப்பை எண்ணி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட 7 முதல் 10 வரை கூடியிருந்தால் தூக்கம் போதவில்லை, அசதி தீரவில்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது என்று பொருள். கோச்சிடம் சொல்லி அன்றைய பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம்.

3. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் பற்றாக்குறை என்று கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால், அடுத்த முறை ஒரு பாட்டில் கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள்.

4. பாட்டிலில் ஊற்றும் பானத்தை வீட்டிலேயே கலக்கலாம். அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு, கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. வீடு திரும்பியதும் மூடியைக் கழற்றி, உறிஞ்சும் வாயைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான்.

5. நீண்ட ரேஸில் மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் கிடைப்பது 25 கிராம்தான். டூர் டி பிரான்ஸ் வீரர்கள் ஜெர்சியின் முதுகுப் பையில் சோற்றுக் கட்டி எடுத்துப் போவதுண்டு. பச்சரிசியைக் குழைய வேகவைத்து, சூட்டோடு வெல்லமும் துளி உப்பும் சேர்த்துப் பிசைந்து, தட்டில் அழுத்திப் பரப்புங்கள். ஆறியதும் இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, ஃபாயில் தாளில் ஒற்றைக் கையால் பிரிக்கும்படி தளர்வாகச் சுற்றுங்கள். கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், மெதுவாகத்தான் செரிக்கும். அதை ரேஸ் முடிந்தபின் கொடுங்கள்.

6. கடும் பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் சோறோ இட்லியோ வயிற்றுக்குள் போகட்டும். கூடவே மூன்று முட்டை, அல்லது கெட்டிப் பருப்பும் தயிரும்.

7. பஞ்சு மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸை ஒருநாள்கூடத் துவைக்காமல் போடக்கூடாது. உள்ளே ஜட்டி அணியக்கூடாது. அதன் தையல் உரசிப் புண்ணாகும். உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் காயவையுங்கள். கம்ஃபர்ட் போன்ற திரவங்கள் வேண்டாம்.

8. சீட் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட், தன் கோச் சிரில் கிமாரிடம் கற்றுப் பரப்பியது. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே அழுத்தி, அதன் மேல்விளிம்பு வரை தரையிலிருந்து அளக்கவேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் (கிராங்க்) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரையுள்ள உயரம். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இது தொடக்க அளவுதான். ரேஸ் வாரத்தில் சீட்டில் கைவைக்காதீர்கள்.

9. செயினை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேய்த்து, காய்ந்தபின் ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது. பிசுபிசுத்து அழுக்கு சேரும்.

10. செயின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க இரும்பு டேப் போதும். ஒரு பின்னின் நடுவில் டேப்பை வைத்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின் வரும். அது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 3 மில்லிமீட்டர் என்றால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். ரேஸுக்கு இரண்டு வாரம் முன்பே மாற்றி, ஓட்டிப் பழகிவிடவேண்டும்.

11. பஞ்சரான டயரின் உட்புறத்தில் கொஞ்சம் பஞ்சை வைத்துச் சுற்றித் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத முள்ளோ கண்ணாடித் துகளோ பஞ்சைப் பிடித்து இழுத்துக் காட்டிக்கொடுக்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அதுவும் பஞ்சர்தான்.

12. மழையில் நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும்.

13. கடைசி இரண்டு வாரத்தில் கோச் தூரத்தைப் பாதியாகக் குறைப்பார். வேகப் பயிற்சி மட்டும் கொஞ்சம் இருக்கும். “ரேஸ் நேரத்தில் சோம்பேறியாகிவிட்டாயே” என்று சொல்லிவிடாதீர்கள். கால்கள் தேறுவது அப்போதுதான். கடைசி இரண்டு நாள் சோறு, இட்லி, இடியாப்பம் கூடட்டும். கீரை, சுண்டல், எண்ணெய்ப் பலகாரம் குறையட்டும். எடை ஒரு கிலோ ஏறினால் கவலை வேண்டாம். தசையில் சேரும் மாவுச்சத்து தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

14. ரேஸ் தொடங்க மூன்று மணி நேரம் முன்பு, பழகிய காலை உணவு: இட்லிக்குச் சர்க்கரை, ஒரு வாழைப்பழம். புதிதாக எதையும் அன்று முயல வேண்டாம். நம்பர் துணி காற்றில் படபடக்காதபடி நான்கு மூலையிலும் ஊக்கு குத்துங்கள். வழியில் பாட்டில் கொடுக்க உங்களுக்கு அனுமதி கிடைத்தால், கழுத்துப் பகுதியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, கையை நீட்டி, அவர்கள் போகும் திசையிலேயே நடந்தபடி கொடுங்கள். வாகனம் வராத தெருவில் முன்கூட்டியே சில முறை பழகிக்கொள்ளுங்கள். கை தவறிய பாட்டிலுக்காக ரேஸில் யாரும் திரும்பி வரமுடியாது.