கம்ப்யூட்டருக்கு இன்சூரன்ஸ்: வீட்டிலும் வழியிலும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். எந்த ஆன்ட்டி வைரஸ் போடலாம்? யு.பி.எஸ். அவசியமா? ராம் இன்னும் கூட்ட வேண்டுமா? இந்தப் பெட்டி திருட்டுப் போனால், மழையில் நனைந்தால், மின்னலில் கருகினால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

நான் ஆலங்காயத்திலும் ஜமுனாமரத்தூரிலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து வருகிறேன். ஜவ்வாது மலையில் சாமை அறுவடைப் பணத்திலோ கடனிலோ பிள்ளையின் படிப்புக்காக லேப்டாப் வாங்கிய குடும்பங்கள் உண்டு. அது போனால் இன்னொன்று வாங்க அவர்களால் உடனே முடியாது. எனவே இந்த மாதப் பாடம், கம்ப்யூட்டரையும் மற்ற வீட்டுப் பொருட்களையும் இன்சூரன்ஸ் செய்வது பற்றியது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி இருந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. பொருள் எங்கே இருந்தது, எப்படிப் போனது, அது உங்களுடையதுதான் என்பதற்கு என்ன சான்று? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தால்தான் பணம் வரும்.

வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு

கம்பெனி தரும் வாரண்டி தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும்தான். கூடுதல் பணம் கட்டி வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் பெரும்பாலும் அதே காரியத்தைத்தான் கூடுதல் காலத்துக்குச் செய்கிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் பழுது பார்க்கும் கூலிக்கானது. திருட்டு, தீ, வெள்ளம், கை தவறி விழுதல் ஆகியவற்றுக்கு இன்சூரன்ஸ்தான் வேண்டும். கடையில் "எல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறோம்" என்று சொன்னால், எது எது என்று தாளில் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுப் பாலிசி என்ன தரும்?

2021 ஏப்ரல் 1 முதல், வீடுகளுக்குப் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் இதன் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மின்னல், மண்சரிவு முதலியவற்றால் வீட்டுக்கும் உள்ளே உள்ள பொருட்களுக்கும் வரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. மலைப் பகுதியில் மண்சரிவு வெறும் பெயருக்கு இருக்கும் வரி அல்ல. 2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையின்போது திருவண்ணாமலையில் மலைச் சரிவு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே சேரும். இதன் உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். உதாரணமாக, கட்டடம் 20 லட்சம் என்றால் பொருட்களுக்கு 4 லட்சம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். ஓலை அல்லது புல் கூரை வீடு என்றால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லி, ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இல்லாதவை

நல்ல பாலிசிதான் என்றாலும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதன் மூன்று ஓட்டைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. மின்சாரத்தால் கெட்ட கருவி. ஷார்ட் சர்க்யூட், மின் கசிவு, அதிக மின்னழுத்தம் ஆகியவற்றால் கெட்டுப்போன கருவிக்குப் பணம் இல்லை. மின்னல் காரணமாக அப்படி நேர்ந்தாலும் இல்லை. ஆனால் அந்தக் கருவியில் பிடித்த தீ பரவி மேஜை, பீரோ, கூரை எரிந்தால் அவற்றுக்கு உண்டு.

ஒரு கோடை மழைக்குப் பிறகு என்னிடம் ஒரு லேப்டாப் வந்தது. மின்னல் வீட்டின் மேல் விழவில்லை. மின்கம்பி வழியாக வந்த அதிர்ச்சியில் சார்ஜரும் மதர்போர்டும் போய்விட்டன. கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கும் பெண்ணின் லேப்டாப் அது. வீட்டுக்குப் பாலிசி இருந்தது, பிரீமியமும் தவறாமல் கட்டியிருந்தார்கள். "மின்னல் என்று எழுதியிருக்கிறதே, ஏன் தரவில்லை?" என்று அந்த அப்பா என்னிடம் கேட்டார். பாலிசித் தாளைப் புரட்டினோம். முதல் பக்கத்தில் மின்னல் என்று இருந்தது. விலக்குகள் பக்கத்தில் இந்த விதியும் இருந்தது. அந்தப் பக்கத்தை அதுவரை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

2. திருட்டு. தீ, வெள்ளம் போன்ற ஆபத்து நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இதில் பணம் உண்டு. சாதாரண நாளில் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் இல்லை.

3. வெளியே எடுத்துச் சென்ற பொருள். வீட்டை விட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோன பொருளுக்கு இதில் இழப்பீடு இல்லை.

ஓட்டைகளை எப்படி அடைப்பது?

பொதுத்துறைக் கம்பெனிகளும் தனியார் கம்பெனிகளும் 'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' என்ற பெயரில் பல பிரிவுகள் கொண்ட பேக்கேஜ் பாலிசி தருகின்றன. அதில் இந்த மூன்று பிரிவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

பர்க்ளரி: வீடு புகுந்து திருடுவதற்கானது. பூட்டை உடைத்தது, ஜன்னலை நெம்பியது போன்ற தடயம் பொதுவாக வேண்டும். திறந்து கிடந்த கதவு வழியாக எடுத்துப் போனதற்குப் பணம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். வீடு 30 நாட்களுக்கு மேல் தொடர்ந்து பூட்டிக் கிடந்தால் பல பாலிசிகளில் இந்தப் பாதுகாப்பு நின்றுவிடும். பெங்களூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போக வேண்டும்.

மின்சாதனப் பழுது: மேலே சொன்ன மின்னல் கதைக்கு இதுதான் மருந்து. 'எலக்ட்ரானிக் எக்விப்மெண்ட்' என்ற தனிப் பாலிசியும் உண்டு. எத்தனை ஆண்டு பழைய கருவி வரை ஏற்பார்கள், தேய்மானம் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்க மறக்க வேண்டாம்.

ஆல் ரிஸ்க்: லேப்டாப், கேமரா, நகை போன்று கையோடு செல்லும் பொருட்களுக்கானது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கும் பீமன் அருவிக்கும் கேமராவும் லேப்டாப்புமாக வருகிறவர்களுக்கு இந்தப் பிரிவுதான் வேண்டும். ஆனால் பஸ் சீட்டில் மறந்து வைத்தது, பூட்டாத காரில் விட்டுச் சென்றது போன்றவற்றைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

வீட்டிலேயே ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று தொழில் செய்தால் அதைச் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பாலிசி குடும்ப உபயோகத்துக்கானது. கடைக்கு வேறு பாலிசி.

தொகையைக் குறைத்துப் போடலாமா?

பிரீமியம் மிச்சமாகட்டும் என்று மதிப்பைக் குறைத்துச் சொல்வார்கள். பழைய முறைப் பாலிசிகளில் இது நஷ்டத்தில் முடியும். 1,00,000 ரூபாய் பொருளை 50,000 என்று காட்டியிருக்கிறீர்கள். 20,000 ரூபாய்க்குச் சேதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி மதிப்புக்கே பாலிசி எடுத்ததால் இழப்பீடும் பாதியாகி, 10,000தான் கிடைக்கும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. மற்ற பாலிசிகளில் உண்டா என்று கேளுங்கள்.

எக்செலில் பொருள் பட்டியல்

இப்போது கம்ப்யூட்டரைத் திறப்போம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமான லிபரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

1. புதிய ஷீட்டின் முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்திடவும்: பொருள், கம்பெனி, மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி, விலை, பில் எண், போட்டோ.

2. வியூ மெனுவில் பிரீஸ் பேன்ஸ், பின்னர் பிரீஸ் டாப் ரோ என்பதைக் கிளிக் செய்திடவும். பட்டியல் நீண்டாலும் தலைப்பு மேலேயே நிற்கும்.

3. ஒவ்வொரு அறையாகச் சென்று நிரப்புங்கள். லேப்டாப்பின் சீரியல் எண் அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். மொபைலில் *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும்.

4. விலைகளுக்குக் கீழே உள்ள காலி செல்லில் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் மொத்தம் கிடைக்கும். நீங்கள் பாலிசி எடுக்க வேண்டிய தொகை இதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

5. பில்லையும் பொருளையும் மொபைலில் போட்டோ எடுத்து, ஷீட் உள்ள அதே போல்டரில் போடுங்கள். பில் தாளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும், போட்டோ மங்காது.

6. பைல், இன்போ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்ற வரிசையில் சென்று பாஸ்வேர்ட் கொடுங்கள். அதை மறந்தால் பைலைத் திறக்க முடியாது என்பதால் வேறிடத்தில் எழுதி வையுங்கள்.

இந்தப் பட்டியல் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் கம்ப்யூட்டரோடு அதுவும் போகும். ஒரு காப்பியை இமெயிலில் உங்களுக்கே அனுப்புங்கள். இன்னொன்றைப் பென் டிரைவில் உறவினர் வீட்டில் வையுங்கள். பாலிசி போட்டோவும் அதில் இருக்கட்டும். நெட்வொர்க் சரியாகக் கிடைக்காத ஊர்களில் அச்செடுத்த தாள் ஒன்றும் அவசியம். உங்கள் பைல்களையும் இதுபோல் பேக்கப் எடுங்கள். இழந்த பெட்டிக்குப் பணம் கிடைத்தாலும் அதில் இருந்த புராஜெக்ட்டும் குடும்பப் படங்களும் திரும்பி வராது.

இழப்பு நேர்ந்தால்

திருட்டு என்றால் உடனே போலீசில் புகார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பஸ்ஸில் பை போனது திருப்பத்தூரிலா போளூரிலா என்று தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி. சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எப்.ஐ.ஆர். வேறு. கம்பெனி கேட்பது எப்.ஐ.ஆர். அதன் நகல் புகார் தந்தவருக்கு இலவசம்.

மொபைல் என்றால் சிம்மை நிறுத்தி, சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் புகார் நகலையும் கொடுத்து மொபைலையும் முடக்குங்கள். இந்த வசதி 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் உள்ளது. லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருந்தால், பைண்ட் மை டிவைஸ் வசதியை இன்றே ஆன் செய்து வையுங்கள். தொலைந்த பிறகு அதை ஆன் செய்ய வழியில்லை.

சேதம் என்றால் துடைத்துச் சுத்தம் செய்யும் முன் போட்டோ எடுங்கள். கம்பெனிக்குத் தாமதமின்றிச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். கருகிய போர்டைத் தூக்கி எறிய வேண்டாம். சர்வேயர் பார்க்க வேண்டும்.

பணம் மறுக்கப்பட்டால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. அடுத்து ஆணையத்தின் பீமா பரோசா தளம் அல்லது 155255 என்ற எண். அதிலும் தீராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இந்த மாதப் பயிற்சி

உங்கள் பட்டியலில் குறைந்தது பத்துப் பொருட்களைச் சேருங்கள். பாலிசி இருந்தால் அதன் விலக்குகள் பக்கத்தை எடுத்து, மின்சாரம், திருட்டு, வெளியூர் என்ற மூன்றுக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று அடிக்கோடிடுங்கள். பாலிசி இல்லாதவர்கள் இரண்டு கம்பெனிகளிடம் அதே மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இடி இடிக்கத் தொடங்கினால் கம்ப்யூட்டரின் பிளக்கையும் பிராட்பேண்ட் ஒயரையும் கழற்றிவிடுங்கள். எவ்வளவு நல்ல பாலிசி இருந்தாலும் இந்த வேலை நம்முடையதுதான்.